தலாமஸ்: துயில் அலைகளும் ஏற்பிகளும்

தலாமஸ் என்பது பெருமூளையின் இரு பாதிகளுக்கும் அடியில், மூன்றாம் மூளை அறையின் இருமருங்கிலும் முட்டை வடிவில் அமைந்துள்ள, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 செ.மீ. நீளமுடைய சாம்பல்நிற நரம்புத்திரள் இணையாகும். பார்வை, கேள்வி, தொடுகை, சுவை ஆகிய புலன்களின் செய்திகள் பெருமூளைப் புறணியை அடையுமுன் இதன் வழியே செல்கின்றன. மணம் மட்டும் இதற்கு விலக்காக, தலாமஸைத் தொடாமலேயே புறணியின் மணப்பகுதியை நேராக அடைகிறது. நெடுங்காலம் இவ்வுறுப்பு ஒரு செய்தி மாற்று நிலையமாக மட்டுமே கருதப்பட்டது. தூக்கத்தின்போது மூளை காட்டும் மின்னலைகள் உருவாவதில் இதற்கு நேரடிப் பங்கு உண்டு என்பதும், அந்தப் பங்கைத் தீர்மானிப்பவை நரம்புச் செல்களின் சவ்விலுள்ள ஏற்பிகளே என்பதும் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் தெளிவாயின.

தலாமஸ் ஒரே சீரான திரளன்று. வெள்ளிழைத் தகடு ஒன்றால் முன், நடு, பக்கத் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் நரம்புக்கருக்கள் எனப்படும் செல் கூட்டங்களைக் கொண்டது. விழித்திரையின் செய்தியைப் பெறும் கரு ஒன்று, செவியின் செய்தியைப் பெறும் கரு வேறொன்று, சிறுமூளையிலிருந்து வரும் இயக்கச் செய்தியைப் பெறும் கரு மற்றொன்று என அவை பணி பிரித்துக்கொள்கின்றன. இவற்றிலுள்ள முதன்மைச் செல்கள் குளூட்டமேட் என்னும் கிளர்த்தும் வேதிப்பொருளைச் சுரந்து புறணிக்குச் செய்தி அனுப்புவதால் அஞ்சல் செல்கள் எனப்படும். இந்தப் பெயர் சற்றே ஏமாற்றுவது. பார்வைக்குரிய கருவில் ஓர் அஞ்சல் செல் பெறும் நரம்புச் சந்திப்புகளில் விழித்திரையிலிருந்து வருபவை 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே. எஞ்சியவை புறணியிலிருந்து திரும்பி வரும் இழைகளும், மூளைத்தண்டிலிருந்து ஏறிவரும் இழைகளும், அண்டையிலுள்ள அடக்கும் செல்களின் இழைகளுமாகும். எதை அனுப்புவது என்பதைக் கண் சொல்கிறது. அனுப்புவதா, வேண்டாமா என்பதை மற்றவை சொல்கின்றன.

அந்த அடக்கும் செல்களில் முதன்மையானவை தலாமஸின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய ஏட்டில் உள்ளன. வலைக்கரு எனப்படும் இந்த ஏட்டின் செல்கள் அனைத்தும் காபா என்னும் அடக்கும் வேதிப்பொருளைச் சுரப்பவை. தலாமஸிலிருந்து புறணிக்குச் செல்லும் இழைகளும் புறணியிலிருந்து திரும்பும் இழைகளும் இதனூடே செல்லும்போது கிளைவிட்டு இதைக் கிளர்த்துகின்றன. ஆனால் வலைக்கருவின் இழைகள் புறணிக்குச் செல்வதில்லை, தலாமஸுக்குள்ளேயே திரும்பி அஞ்சல் செல்களை அடக்குகின்றன. தூக்கத்தின் தாளம் பெரும்பாலும் இந்தச் சுற்றில் பிறக்கிறது.

அஞ்சல் செல் இரு வகையாகத் துடிக்க வல்லது. விழிப்பில் அதன் சவ்வு மின்னழுத்தம் மைனஸ் 60 மில்லிவோல்ட்டை ஒட்டி நிற்கும்போது, வந்து சேரும் செய்தியின் வலிமைக்கு ஏற்ப ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனி மின்துடிப்புகள் எழும். மின்னழுத்தம் மைனஸ் 70-க்குக் கீழே இறங்கிச் சிறிது நேரம், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவேனும், அங்கேயே நின்றால் நிலைமை மாறுகிறது. அதுவரை செயலற்றுக் கிடந்த டி வகைக் கால்சியம் கால்வாய்கள் திறக்கத் தயாராகின்றன. அடுத்து வரும் சிறு தூண்டலிலேயே அவை திறக்க, கால்சியம் உள்ளே பாய்ந்து, சில துடிப்புகள் ஒரே கொத்தாக வெடிக்கின்றன. இதை ஹென்ரிக் யான்சன், ரொடோல்ஃபோ யீனாஸ் இருவரும் கினிப்பன்றித் தலாமஸின் மெல்லிய சீவல்களில் ஆராய்ந்து 1984-இல் விளக்கினர். இதிலிருந்து பெறப்படுவது, அடக்கும் செய்தி தலாமஸில் எப்போதும் அமைதியைத் தருவதில்லை என்பதாகும்: ஆழ்ந்த அடக்கம் நீங்கும் கணத்தில் செல் முன்னினும் உரக்கத் துடிக்கிறது. தூக்கத்தில் மூளை ஓய்ந்துவிடுகிறது என்னும் பொதுவான எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

இரவில் மனிதர் மெல்லிய தூக்கத்திலிருந்து இரண்டாம் நிலைக்குச் செல்லும்போது மூளை மின்னலை வரைவில் நொடிக்கு 11 முதல் 16 வரையிலான அலைகள் அரை நொடிக்கு மேல் எழுந்து, நடுவில் பருத்து இரு முனையிலும் மெலிந்து மறைகின்றன. நூல் சுற்றிய கதிர்கோலின் வடிவை ஒத்திருப்பதால் இவற்றைக் கதிர்கோல் அலைகள் என்பர். 1930-களின் நடுவில் ஆல்ஃபிரட் லூமிஸும் அவருடன் பணியாற்றியோரும் இவற்றைப் பதிவு செய்தனர். இவற்றின் பிறப்பிடத்தைக் காட்டியவர் ருமேனியாவில் பிறந்து கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மிர்ச்சா ஸ்டெரியாடே. பூனைகளில் வலைக்கருவிலிருந்து துண்டிக்கப்பட்ட தலாமஸ் கருக்கள் கதிர்கோல் அலைகளை இழந்துவிட்டன என்று அவரது குழு 1985-இலும், தனிமைப்படுத்தப்பட்ட வலைக்கருவிலோ அந்தத் தாளம் நீடித்தது என்று 1987-இலும் காட்டியது. வலைக்கருவின் செல்கள் கொத்தாகத் துடித்துக் காபாவைச் சுரக்க, அஞ்சல் செல்களின் மின்னழுத்தம் இறங்க, டி வகைக் கால்வாய்கள் தயாராக, அடக்கம் விலகியதும் அஞ்சல் செல்கள் மீண்டெழுந்து துடித்து வலைக்கருவையும் புறணியையும் ஒருங்கே கிளர்த்த, சுற்று மறுபடி தொடங்குகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் மின்னழுத்தம் மேலும் இறங்கியபின் நொடிக்கு 1 முதல் 4 வரையிலான டெல்டா அலைகள் மேலோங்குகின்றன. அவற்றிலும் மெதுவான, நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான அலைகளை 1993-இல் விவரித்தவரும் ஸ்டெரியாடேயே, ஆயின் அவற்றின் ஊற்று பெரிதும் புறணியில் உள்ளது.

செல்லின் மின்னழுத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதும் ஏற்பிகளின் வேலை. ஏற்பி என்பது செல் சவ்வில் பதிந்திருக்கும் புரதம். குறிப்பிட்ட வேதிப்பொருள் வந்து பொருந்தும்போது அது தானே அயனிக் கால்வாயாகத் திறக்கலாம், அல்லது சவ்வின் உட்புறத்திலுள்ள ஜி புரதத்தை ஏவி வேறொரு கால்வாயைத் திறக்கவோ மூடவோ செய்யலாம். முதல்வகை மில்லிநொடிகளில் செயல்படும். இரண்டாம் வகை மெதுவானது, ஆனால் நீடிப்பது. காபாவுக்கே இருவகை ஏற்பிகளும் உள்ளன: காபா-ஏ ஏற்பி குளோரைடு கால்வாயாகத் திறந்து விரைவான அடக்கத்தைத் தருகிறது, காபா-பி ஏற்பி ஜி புரதத்தின் வழியே பொட்டாசியம் கால்வாய்களைத் திறந்து ஆழ்ந்த, நீண்ட அடக்கத்தைத் தருகிறது. சுற்றின் வேகம், எனவே அலையின் எண்ணிக்கை, இவ்விரண்டில் எது மேலோங்குகிறது என்பதைப் பொறுத்தது.

விழிப்பைக் கொணரும் வேதிப்பொருள்கள் மூளைத்தண்டிலிருந்தும் ஹைப்போதலாமஸிலிருந்தும் வருகின்றன. மூளைத்தண்டின் வலையமைப்பைத் தூண்டினால் தூங்கும் விலங்கின் மின்னலை விழிப்பு வடிவுக்கு மாறுவதை ஜூசெப்பே மொருஸ்ஸியும் ஹொரேஸ் மகூனும் 1949-இல் காட்டியபோது அதன் வேதியியல் புலப்படவில்லை. அசிட்டைல்கோலின் அஞ்சல் செல்லில் ஒருவகை மஸ்கரினிக் ஏற்பியில் பொருந்திப் பொட்டாசியக் கசிவை மூடுவதால் மின்னழுத்தம் ஏறுகிறது. அதே அசிட்டைல்கோலின் வலைக்கருவில் வேறுவகை மஸ்கரினிக் ஏற்பியில் பொருந்திப் பொட்டாசியத்தை வெளியேற்றுவதால் மின்னழுத்தம் இறங்குகிறது. அஞ்சல் செல் விழிக்க, அதை அடக்குவது ஓய்கிறது. ஒரே பொருள் இரு செல்களில் இரு எதிர்விளைவுகளைத் தந்து ஒரே நோக்கத்தை முடிக்கிறது. நோர்அட்ரினலினும் ஹிஸ்டமினும் தத்தம் ஏற்பிகள் வழியே அஞ்சல் செல்லைத் தனித்துடிப்பு நிலைக்கு ஏற்றுகின்றன. ஒவ்வாமைக்கான பழைய மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பது மூளையின் ஹிஸ்டமின் ஏற்பிகளை அவை அடைத்துவிடுவதால்தான். விழித்திருக்குந்தோறும் மூளையில் திரளும் அடினோசின் இதற்கு மாறாக அஞ்சல் செல்லைக் கீழிறக்குகிறது. காப்பி அடினோசின் ஏற்பிகளைத் தடுப்பது உண்மை என்றாலும், அதன் விழிப்பூட்டும் ஆற்றல் பெரிதும் தலாமஸுக்கு வெளியிலுள்ள வேறுவகை அடினோசின் ஏற்பியைச் சார்ந்தது.

ஒரு வேதிப்பொருளைத் தூக்கப்பொருள் என்றோ விழிப்புப்பொருள் என்றோ முத்திரையிடுவது எவ்வளவு பிழையானது என்பதைத் தில்லியில் நடந்த ஆய்வுகள் நன்கு உணர்த்துகின்றன. 1956-இல் நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் உடலியங்கியல் துறையில் வி. மோகன் குமாரும் அவர் மாணவர்களும், தலாமஸுக்கு முன்கீழாக, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு முன்னால் அமைந்த முன்பார்வைப் பகுதியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். வெ. ரமேஷும் மோகன் குமாரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், நோர்அட்ரினலினின் ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டும் குளோனிடின் என்னும் மருந்து அப்பகுதியில் செலுத்தப்பட்டபோது இயல்பான எலிகள் விழித்தன. அப்பகுதிக்கு நோர்அட்ரினலின் கொண்டுவரும் இழைகள் முன்பே அழிக்கப்பட்ட எலிகளோ தூங்கின. இழை முனையிலுள்ள ஏற்பி நோர்அட்ரினலின் சுரப்பைக் குறைப்பதும், பெறும் செல்லிலுள்ள அதே வகை ஏற்பி அதன் பணியை ஏற்பதுமே இந்த மாற்றத்தை விளக்குகின்றன. அதாவது தலாமஸில் விழிப்பை வளர்க்கும் நோர்அட்ரினலின், சற்றுத் தள்ளித் தூக்கத்துக்குத் துணை நிற்கிறது. அதே நகரின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பீரேந்திர நாத் மல்லிக், நோர்அட்ரினலின் சுரக்கும் மூளைத்தண்டுச் செல்கள் கனவுத் தூக்கத்தில் ஓய்வதையும், அவற்றை மெல்லத் தூண்டினால் எலிகளில் கனவுத் தூக்கம் குறைவதையும் ஆராய்ந்தார். கனவுத் தூக்கத்தில் நோர்அட்ரினலின் இல்லாதபோதும் அசிட்டைல்கோலின் திரும்பிவிடுவதால் அஞ்சல் செல்கள் விழிப்பில் போலவே தனித்துடிப்பு நிலையில் இருக்கின்றன; வரைவில் அது விழிப்பை ஒத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

தில்லியின் மின்னலை ஆய்வுக்கு இதனினும் பழைய வரலாறு உண்டு. சிகாகோவில் ஃபிரெடரிக் கிப்ஸிடம் பயின்ற பல்தேவ் சிங், 1950-களின் தொடக்கத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியுடன் பணியாற்றினார். 1951-இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவிய நால்வருள் இவ்விருவரும் பி. இராமமூர்த்தியும் எஸ்.டி. நரசிம்மனும் அடங்குவர். தில்லிக்குத் திரும்பிய பல்தேவ் சிங், பி.கே. ஆனந்த், ஜி.எஸ். சீனா ஆகியோருடன் சேர்ந்து யோகியரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 1961-இல் வெளியிட்டார். சமாதி நிலையில் ஒளி, பேரொலி, சூடு ஆகியவற்றால் தூண்டப்பட்டபோதும் ஆல்ஃபா அலைகள் கலையவில்லை என்பது அவர்தம் முடிவு. புலன் செய்தி தலாமஸிலேயே தடுக்கப்பட்டதற்குச் சான்றாக இதைப் பிற்காலத்தார் சிலர் காட்டுவதுண்டு. நான்கே யோகியரின் தலைமேல் ஒட்டிய மின்முனைகளால் அவ்வளவு ஆழத்தைப் பற்றி எதுவும் சொல்லிவிட இயலாது.

கதிர்கோல் அலையை உருவாக்கும் அதே சுற்று நோயின் மேடையாகவும் ஆகிறது. பள்ளிச் சிறுவர்களில் காணப்படும் ஆப்சென்ஸ் வலிப்பில் குழந்தை விழுவதில்லை, துடிப்பதுமில்லை. சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்தில் தொடர்கிறது. வகுப்பில் கவனமின்மை என்று தண்டிக்கப்படும் இத்தகைய குழந்தையை ஜனக்புரியில் உள்ள தில்லி அரசின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி மருத்துவமனையைப் போல நரம்பியல் துறையுள்ள எந்த இடத்துக்கு அழைத்துச் சென்றாலும், நோயை உறுதிசெய்வது நொடிக்கு மூன்று முறை வரும் கூர்முனை அலைகளே. காபா-பி ஏற்பியின் நீண்ட அடக்கம் மேலோங்கும்போது சுற்று இந்த மெதுவான தாளத்துக்கு நழுவுகிறது என விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. இதற்குத் தரப்படும் எத்தோசக்சிமைடு டி வகைக் கால்சியம் பாய்ச்சலைக் குறைப்பதைக் கூல்ட்டர், ஹ்யூகநார்டு, பிரின்ஸ் ஆகியோர் 1989-இல் கண்டனர். காபாவை மிகுவிக்கும் விகாபட்ரின், டியாகபின் போன்ற மருந்துகள் மற்ற சில வலிப்புகளுக்கு உதவினாலும் ஆப்சென்ஸ் வலிப்பை மோசமாக்கக்கூடும். மருந்தைத் தேர்ந்தெடுக்குமுன் வலிப்பின் வகையை அறிவது இதனால் இன்றியமையாதது. பென்சோடயசெபைன்களோ காபா-ஏ ஏற்பியை வலுப்படுத்துபவை. வலைக்கருவின் செல்கள் ஒன்றையொன்று அடக்குவதை மிகுவித்து அவை இவ்வலிப்பைத் தணிக்கின்றன, தூக்கத்திலோ கதிர்கோல் அலைகளைப் பெருக்கி ஆழ்ந்த டெல்டா அலைகளைக் குறைக்கின்றன. மாத்திரையால் வந்த தூக்கமும் இயல்பான தூக்கமும் வரைவில் ஒன்றல்ல.

தலாமஸ் சிதைந்தால் தூக்கம் எப்படிக் குலையும் என்பது சிதையும் இடத்தைப் பொறுத்தது. இரு தலாமஸ்களின் நடுப்பகுதிக்கும் ஒரே சிறு தமனி குருதி தரும் அமைப்புச் சிலரில் உண்டு. பெர்ஷரோன் தமனி எனப்படும் அது அடைபட்டால் நோயாளி நாளெல்லாம் தூங்கிக்கிடக்கலாம். இதற்கு நேர் எதிரானது மரபுவழிக் கொடுந்தூக்கமின்மை நோய். இத்தாலியின் பொலோன்யாவில் எலியோ லுகரேசி குழுவினர் 1986-இல் விவரித்த இந்நோயில், பிரியான் புரதத்தின் மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றத்தால் தலாமஸின் முன்கருவும் நடுக்கருவும் சிதைந்து, கதிர்கோல் அலைகள் முதலில் மறைய, பின்னர்த் தூக்கமே அற்று, வியர்வை, நாடித்துடிப்பு, குருதியழுத்தம் யாவும் கட்டுமீறி, பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் இறக்கின்றனர். தூக்கமாத்திரைகள் இவர்களுக்குப் பயன்படாதது வியப்பன்று. தாளத்தை எழுப்பும் சுற்றே அழிந்துவிட்டபின் ஏற்பியை வலுப்படுத்தி ஆவதொன்றில்லை.

மனிதத் தலாமஸிலிருந்து நேரடியாகப் பதிவெடுக்கும் வாய்ப்பு அறுவையறைகளில்தான் கிட்டியது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1960-களில் இராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன் ஆகியோர் வளர்த்தெடுத்த முப்பரிமாணக் குறிப்பறுவை முறை, பார்க்கின்சன் நடுக்கத்தைத் தணிக்கத் தலாமஸின் இயக்கக் கருவை எட்டும் வழியாக இருந்தது, டி.எஸ். கனகாவும் இத்துறையில் பணியாற்றினார். வலிப்பு நோயாளிகளின் மூளைக்குள் சிகிச்சைக்காகப் பதிக்கப்பட்ட மின்முனைகளைக் கொண்டு மிஷேல் மன்யான் குழு பிரான்சில் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, தூக்கம் தொடங்கும்போது தலாமஸ் புறணிக்குப் பல நிமிடங்கள் முன்பே அடங்கிவிடுவதைக் காட்டியது. இடைப்பட்ட அந்நேரத்தில் புறணி வெளியுலகச் செய்தி குறைந்த நிலையிலும் விழித்தே இருப்பதால், உறங்கத் தொடங்கும் வேளையில் தோன்றும் துண்டுக் காட்சிகளும், பலருக்குத் தாம் தூங்கிப்போக எடுத்துக்கொண்ட நேரத்தை மிகையாகக் கணக்கிடும் இயல்பும் நேர்வனவாகலாம் என்று அவ்வாய்வாளர் கருதினர்.