டொமைன் பெயருக்குப் பூட்டு வந்த வரலாறு

இணையதளத்தின் முகவரியாக விளங்கும் டொமைன் பெயர், பதிவு நிறுவனத்தின் கணினி ஏட்டிலுள்ள ஒரு பதிவே ஆதலால், அதைத் திருத்தும் வாய்ப்பைப் பெற்றவர் தளத்தைத் தேடி வருவோரையும் அப்பெயருக்கு வரும் மின்னஞ்சல்களையும் தாம் விரும்பிய இடத்துக்குத் திருப்பிவிட முடியும். அந்த ஏட்டுக்குத் தொடக்கத்தில் காவல் எவ்வளவு குறைவாக இருந்தது என்பதை அமெரிக்காவின் செக்ஸ்.காம் வழக்கு வெளிப்படுத்தியது. 1994-இல் கேரி கிரெமன் பதிவு செய்த அப்பெயரை, ஸ்டீபன் கோஹன் என்பவர் 1995-இல் போலிக் கடிதம் ஒன்றைக் கொண்டு தம் வசமாக்கிக்கொண்டார். 'ஆன்லைன் கிளாசிஃபைட்ஸ்' என்று பெயர் வைத்திருந்த கிரெமனின் நிறுவனத்துக்கு இணைய இணைப்பே இல்லை என்று அக்கடிதம் கூறியிருந்தும், பதிவு நிறுவனமான நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெயரை மாற்றிக் கொடுத்தது. டொமைன் பெயரும் சொத்தே என்றும், அதை உரிமையற்றவரிடம் ஒப்படைத்த நிறுவனம் அதற்குப் பொறுப்பாகலாம் என்றும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது.

இதற்கிடையே, 1998-இல் நிறுவப்பட்டு டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்திவரும் ஐகான் அமைப்பு, பதிவு நிறுவனங்களிடையே போட்டியைக் கொண்டுவந்தது. ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயரை மாற்றும் கோரிக்கைக்குப் பழைய நிறுவனம் ஐந்து நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் மாற்றம் நிறைவேறும் என்ற விதி 2004 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளரின் ஒப்புதலைப் பெறும் கடமை அப்போது புதிய நிறுவனத்தைச் சார்ந்ததாக இருந்தது. ஆனால் 2005 ஜனவரியில், நியூயார்க்கின் பழமையான இணையச் சேவை நிறுவனமான பானிக்ஸின் பெயர் பறிபோனபோது அந்த ஒப்புதல் பெறப்படவில்லை. பெயரின் உரிமைப் பதிவு ஆஸ்திரேலியாவுக்கும், முகவரி விவரங்கள் பிரிட்டனுக்கும், மின்னஞ்சல் கனடாவுக்கும் திருப்பப்பட்டன. வார இறுதியானதால் உதவி கிடைப்பதும் தாமதமாயிற்று.

உரிமையாளர் தாமே நீக்கும்வரை மாற்றக் கோரிக்கையைத் தடுத்து நிறுத்தும் பதிவு நிறுவனப் பூட்டும், மாற்றத்துக்குக் கட்டாயமாகக் கேட்கப்படும் இரகசியக் குறியீடும் இத்தகைய இழப்புகளுக்குப் பிறகே பரவலாகக் கைக்கொள்ளப்பட்டன. பதிவு நிறுவனத்தின் கணக்கே களவாடப்பட்டால் அவ்விரண்டும் போதா என்பதால், அதற்கும் மேலுள்ள மூலப் பதிவகத்தில், பணியாளர்கள் தாமே சரிபார்த்த பின்னரே திறக்கப்படும் பதிவகப் பூட்டு உருவானது. 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதழின் முகவரி திருத்தப்பட்ட தாக்குதலில், அப்பூட்டு இடப்பட்டிருந்த பெயர்கள் தப்பின. உரிமையாளரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் எந்த முறையும் சொத்தைக் காக்காது என்பதே இவ்வரலாறு நிறுவும் முடிவாகும்.