மனித உயிரியல் கண்காணிப்பு

மனித உயிரியல் கண்காணிப்பு என்பது, தீங்கான வேதிப்பொருள்கள் உடலில் எவ்வளவு உள்ளன என்பதை இரத்தம், சிறுநீர், தலைமுடி, தாய்ப்பால் போன்றவற்றில் நேரடியாக அளக்கும் பொதுச் சுகாதார முறை. காற்றையும் நீரையும் அளந்து செய்யும் கணிப்பைவிட இது உண்மைக்கு நெருக்கமானது; மூச்சு, உணவு, தோல் என எல்லா வழிகளிலும் உட்புகுந்ததை ஒருசேரக் காட்டுகிறது. இதற்கு வலுவான சான்று அமெரிக்காவின் ஈய அளவீடு. அங்கு 1976 முதல் 1980 வரை நடந்த தேசிய உடல்நல ஆய்வில், மக்களின் சராசரி இரத்த ஈய அளவு ஏறக்குறைய 37 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. பெட்ரோலில் ஈயத்தின் பயன்பாடு குறைந்த போக்கோடு இச்சரிவு ஒத்துப்போனது. 1985-இல் பெட்ரோல் ஈயத்துக்குக் கடும் வரம்பு விதிக்க இது துணைநின்றது.

உடலில் ஒரு பொருள் இருப்பதே நோயாகாது, அது வந்த வழியையும் இரத்தம் சொல்லாது என்பர். இரண்டும் உண்மையே. இரத்தத்தில் ஈயத்தின் அளவு ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பிலோ பல்லாண்டுகள் தங்கும். ஆகவே ஒற்றை அளவீடு முழு வரலாறு ஆகாது. சூழல் அளவீடும் உடன் வேண்டும். ஆனால் நோய் தென்படும்வரை காத்திருப்பது தவறு. குழந்தையின் மூளைக்கு ஈயம் இழைக்கும் கேட்டை முழுமையாகச் சீராக்க இயலாது. முன்கூட்டியே அளப்பதுதான் காக்கும்.