தாய்வீடு திரும்பும் விழா

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் போர்களையும் சட்டங்களையும் ஆராய்வது வழக்கம். அந்நாட்டு மக்கள் எதன்பொருட்டு ஒன்றுகூடி ஆரவாரிக்கிறார்கள் என்பதைக் கவனித்தாலும் அவ்வரலாற்றின் ஒரு பகுதி நமக்குப் புலனாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இலையுதிர் காலந்தோறும் நடைபெறும் ‘ஹோம்கமிங்’ என்னும் விழா இதற்குத் தக்க சான்று.

பள்ளிகளில் இவ்விழா ஒரு வாரம் நடைபெறும். அவ்வாரத்தில் நாளுக்கொரு வேடம் உண்டு. ஒரு நாள் மாணவர் இரவு உடையிலேயே வகுப்புக்கு வருவர். மற்றொரு நாள் நண்பர் இருவர் இரட்டையரைப்போல ஒரேவித ஆடை அணிவர். வெள்ளிக்கிழமை எல்லோரும் பள்ளிக்குரிய வண்ணங்களைத் தரிப்பர். அன்று வகுப்புகள் முடியுமுன் பள்ளி முழுவதும் விளையாட்டுக் கூடத்தில் திரண்டு, வாத்திய கோஷத்துடன் தம் ஆட்டக்காரரை ஊக்குவிக்கும். இதற்கு ‘பெப் ராலி’ என்று பெயர். பின்னர் ஊர்வலம், இரவில் விளக்கொளியில் பந்தாட்டம், இடைவேளையில் விழா அரசனுக்கும் அரசிக்கும் முடிசூட்டல், மறுநாள் நடனம். ஆடப்படுவது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரை முட்டி மோதி முன்னேறும் அமெரிக்க ஆட்டம் அது.

இச்சொற்களைத் தமிழாக்க முயல்வோர்க்குச் சுவையான செய்திகள் இரண்டு கிட்டும். ‘பெப்’ என்பது ‘பெப்பர்’ என்னும் சொல்லின் குறுக்கம். மிளகைக் குறிக்கும் அவ்வாங்கிலச் சொல் இலத்தீன், கிரேக்க மொழிகளின் வழியே நம் நாட்டுப் ‘பிப்பலி’யிலிருந்து பிறந்தது, பிப்பலி என்பது நாம் அறிந்த திப்பிலியே. ஆகவே அமெரிக்கச் சிறுவரின் உற்சாகத்தில் நம் நாட்டுக் காரமும் சிறிது கலந்திருக்கிறது எனலாம். மற்றொன்று, தாம் பயின்ற கல்விநிலையத்தை அந்நாட்டினர் ‘வளர்த்த தாய்’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடரால் குறிக்கின்றனர். தாய் அங்கே இருப்பாளாயின், பழைய மாணவர் அங்குச் செல்வதைத் தாய்வீடு திரும்புதல் என்பதே பொருந்தும்.

தாய்வீட்டுக்குத் திரும்ப வேண்டுமானால் முதலில் அதை விட்டுப் பிரிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கிராமங்கள் கண்டது அத்தகைய பிரிவையே. வடகிழக்கு மாநிலங்களின் கல் நிறைந்த வயல்களைக் கைவிட்டு, இளைஞர் ஆலைகளை நாடியும் மேற்கே பரந்த புதுநிலங்களை நாடியும் சென்றனர். நியூ ஹாம்ப்ஷயர் மாநில ஆளுநராயிருந்த பிராங்க் ரோலின்ஸ் 1899-ஆம் ஆண்டில், பிரிந்து சென்றோரைப் பிறந்த ஊருக்கு அழைக்கும் ‘பழைய இல்ல வார’த்தைத் தொடங்கினார். வந்தவர்கள் உறவினரைக் கண்டு அளவளாவினர். சிலர் ஊர் நூலகத்துக்கும் பள்ளிக்கும் பொருளுதவி செய்தனர். இவ்வழக்கம் அண்டை மாநிலங்களுக்கும் பரவிற்று.

ஏறக்குறைய அதே காலத்தில் கல்லூரிகளில் பந்தாட்ட மோகம் பெருகிக்கொண்டிருந்தது. கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் ஆட்டமெனக் கருதப்படுவது 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதியது. நாளடைவில் பார்ப்போர் தொகை பெருகவே, அவர்தம் கூச்சலுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டியதாயிற்று. 1898-இல் மின்னஸோட்டா பல்கலைக் கழகத்தில் ஜானி கேம்பல் என்னும் மாணவர் கூட்டத்தின்முன் எழுந்து நின்று, எல்லோரையும் ஒரே குரலில் முழங்கச் செய்தார். ஆரவாரத் தலைவர் என்னும் பதவி இவரிடமிருந்து தொடங்குவதாகக் கூறுவர். அந்நாளில் அது ஆடவர்க்கே உரியதாயிருந்தது. 1923-இல் அதே பல்கலைக் கழகத்தில் பெண்கள் இடம்பெற்றனர். இரண்டாம் உலகப் போரில் இளைஞர் போர்முனைக்குச் சென்றபின் அவ்விடத்தைப் பெரும்பாலும் பெண்களே நிரப்பினர்.

ஊருக்கு அழைக்கும் வழக்கமும் பந்தாட்ட ஆரவாரமும் கல்லூரி வளாகத்தில் ஒன்றுகலந்தன. இவ்விழாவின் பிறப்பிடம் எதுவென்பது பற்றி இன்றும் போட்டி உண்டு. டெக்ஸாஸ் மாநிலத்துப் பெய்லர் பல்கலைக் கழகம் 1909 நவம்பரில் பழைய மாணவரை அழைத்து ஊர்வலமும் பந்தாட்டமும் நடத்திற்று. இல்லினாய் பல்கலைக் கழகம் 1910-ஐத் தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. ஆயினும் பலரும் அறிந்த கதை மிஸௌரியினுடையது. கான்ஸஸ் பல்கலைக் கழகத்தோடு அது ஆண்டுதோறும் ஆடிவந்த ஆட்டம் முன்பு இரண்டுக்கும் பொதுவான கான்ஸஸ் நகரில் நடைபெற்றுவந்தது. கல்லூரி ஆட்டங்கள் கல்லூரி மைதானங்களிலேயே நடைபெற வேண்டும் என்ற விதி வந்தது. கொலம்பியா என்னும் சிற்றூருக்குக் கூட்டம் வருமா என்ற கவலை எழுந்தது. விளையாட்டுத் துறை இயக்குநர் செஸ்டர் புரூவர், ‘வீட்டுக்கு வாருங்கள்’ என்று பழைய மாணவர்க்கு அழைப்பு விடுத்தார். 1911-இல் ஆயிரக்கணக்கானோர் ரயிலேறி வந்தனர். ஆட்டம் மூன்றுக்கு மூன்று எனச் சமமாய் முடிந்தது. வெற்றி எவர்க்கும் இல்லை. விழா மட்டும் நிலைத்துவிட்டது.

கல்லூரி விழா உயர்நிலைப் பள்ளிக்கு இறங்கி வந்ததன் காரணம் கல்வியின் பெருக்கமே. 1910-இல் அந்நாட்டு இளைஞரில் நூற்றுக்கு 9 பேரே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தனர். 1940-இல் இத்தொகை பாதியை எட்டிற்று. குடியேறிய பல நாட்டாரின் பிள்ளைகளும், விவசாயி மகனும், வணிகர் மகளும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். மொழியும் சமயமும் வேறுபட்ட இவர்களை ஒன்றாக்கப் பாடநூல் மட்டும் போதவில்லை. ஒரு வண்ணமும், ஒரு முழக்கமும், ஓர் எதிரணியும் அவ்வேலையை எளிதில் செய்தன. பெரிய நகரங்களுக்குத் தொலைவில் இருந்த ஊர்களில் வெள்ளிக்கிழமை ஆட்டமே ஊர்த் திருவிழாவாயிற்று.

இதன் விலையையும் சிலர் கணக்கிட்டனர். சமூகவியல் அறிஞர் ஜேம்ஸ் கோல்மன் இல்லினாய் மாநிலத்துப் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 1961-இல் நூல் வெளியிட்டார். மாணவரிடையே மதிப்புப் பெற்றவன் நன்கு படிப்பவனைவிட நன்கு ஆடுபவனே என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று.

இதனினும் ஆழமான வினா ஒன்று உண்டு: இது எவருடைய வீடு? மேடையேறி முடிசூடுபவரே ‘நாம்’ என்பதன் உருவம் ஆகிறார். ஆதலின் அம்மேடை விளையாட்டாயிருந்தும் விளையாட்டன்று. தலைநகர் வாஷிங்டனில் கறுப்பினத்தவர் பயிலும் ஹவர்ட் பல்கலைக் கழகத்தில் 1966-இல் ராபின் கிரகரி என்னும் மாணவி, தலைமுடியை நேராக்காமல் இயற்கையான சுருள் முடியுடன் நின்று விழா அரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெள்ளையரின் அழகிலக்கணமே தமக்கும் இலக்கணம் என்ற நிலை மாறுவதற்கு அஃது ஓர் அடையாளமாயிற்று, அரங்கம் அதிர்ந்தது.

டெக்ஸாஸ் மாநிலத்துக் கிரிஸ்டல் ஸிட்டி என்னும் ஊரில் நேர்ந்தது இன்னும் தொலைநோக்குடையது. அங்கு உயர்நிலைப் பள்ளி மாணவருள் மிகப் பெரும்பாலோர் மெக்ஸிகோ வழியினர். ஆயினும் ஆரவாரக் குழுவின் நால்வருள் அவ்வினத்தவர்க்கு ஓரிடமே அளிப்பது வழக்கம். போதாதற்கு, பெற்றோரில் ஒருவரேனும் அப்பள்ளியில் தேறியிருந்தால்தான் விழா அரசியாகலாம் என்ற விதியும் சேர்ந்தது. வயலில் உழைத்த மெக்ஸிகோ வழியினருள் பள்ளிப் படிப்பை முடித்த பெற்றோர் மிகச் சிலரே. விதி எந்த இனத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை, ஆனால் விலக்கியது. 1969 டிசம்பர் 9-ஆம் நாள் மாணவர் வகுப்புகளை விட்டு வெளியேறினர். கோரிக்கைகள் ஆரவாரக் குழுவோடு நிற்கவில்லை. இருமொழிக் கல்வியும், தம் வரலாறு பாடத்தில் இடம்பெறுதலும் சேர்ந்துகொண்டன. மாணவர் மூவர் வாஷிங்டன் சென்று முறையிட்டனர். 1970 ஜனவரியில் பள்ளிக் குழு இணங்கிற்று. அதே மாதத்தில் ‘ராஸா உனிடா’ என்னும் அரசியல் கட்சி தோன்றியது. அவ்வாண்டுத் தேர்தலுக்குப்பின், அதன் தலைவருள் ஒருவரான ஹொஸே ஆங்ஹெல் குட்டியெரெஸ் அந்தப் பள்ளிக் குழுவுக்கே தலைவரானார். ஆரவாரக் குழுவின் ஓரிடத்தைப் பற்றிய சச்சரவு ஊராட்சியையே மாற்றிவிட்டது.

உற்சாகம் அளவு கடந்தால் நேரும் கேட்டுக்கும் வரலாற்றில் சான்று உண்டு. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக் கழகத்தில் முக்கிய ஆட்டத்திற்குமுன் மாணவர் பேருருவான மரக்குவியல் அடுக்கித் தீமூட்டுவது பல்லாண்டு மரபு. 1999 நவம்பர் 18-ஆம் நாள் விடியுமுன், கட்டப்பட்டுக்கொண்டிருந்த குவியல் சரிந்து 12 பேர் மாண்டனர். 27 பேர் காயமுற்றனர். அதன்பின் பல்கலைக் கழக வளாகத்தில் அத்தீ மூட்டப்படவில்லை. ஒருவரும் தீங்கு நினைக்கவில்லை. ‘எப்போதும் செய்வதுதானே’ என்ற எண்ணமே எச்சரிக்கையை மழுங்கச் செய்யும் என்பதற்கு அவ்விடியற்காலை சாட்சி.

இன்று பல பள்ளிகள் அரசன், அரசி என்னும் பட்டங்களைக் கைவிட்டு, ஆண் பெண் வேறுபாடின்றி விழா நாயகரைத் தேர்ந்தெடுக்கின்றன. விழா மாறிக்கொண்டேயிருக்கிறது, அது மாறுவதாலேயே வாழ்கிறது. பிரிந்தவரைத் திரும்ப அழைப்பது நல்ல வழக்கம். ஆயினும் அழைக்கப்பட்ட எல்லோர்க்கும் வீட்டினுள் இடம் உண்டா என்று காண்பதே அவ்வழக்கத்தின் உரைகல். நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநர் 1899-இல் கதவைத் திறந்து வைத்தார். கிரிஸ்டல் ஸிட்டியின் மாணவர், திறந்த கதவுக்குள்ளும் சிலரை வாசலிலேயே நிறுத்திவைக்க இயலும் என்பதைக் காட்டி, அவ்வாசலைக் கடந்து சென்றனர். தாய்வீடு என்று ஒன்றைச் சொல்லும் உரிமை, அங்குள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இருக்கும்போதுதான் அப்பெயர் பொருளுடையதாகும்.