படகு தரையில் நடந்த பாதை

1673-ல் மிசிசிப்பியைத் தேடிப் போன பிரெஞ்சுக்காரர்கள் மார்கெத்தும் ஜோலியேவும் ஃபாக்ஸ் ஆற்றில் வழிகாட்ட ஆள் கேட்டார்கள். மயாமி பழங்குடியினர் இருவர் வழிகாட்டி, படகு சுமக்கவும் கைகொடுத்து, விஸ்கான்சின் ஆற்றில் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஜொகூரில் கடலைத் தொடும் மூவார் ஆற்றிலும் இதே கதைதான். அதன் கிளையான ஜெம்போலில் ஏறினால் சிறிய தரைவழி. அதற்கப்பால் செர்த்திங், பிறகு பகாங் ஆறு. படகுகளை இழுத்துக் கடந்த அந்த இடத்துக்குப் 'பெனாரிக்கான்' என்று பெயர். 'தே தாரிக்'கில் உள்ள அதே தாரிக்!

1511-ல் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்ததும் சுல்தான் மாமுட் ஷா இவ்வழியாகத்தான் பகாங் போய்ச் சேர்ந்தார். பின்னர் ஜொகூர் ஆட்சியை நிறுவியவர் அவருடைய மகன். அரசரின் பெயர் நிலைத்தது. படகு இழுத்த கைகளுக்குப் பெயர் எங்கே? பெனாரிக்கான் என்ற சொல்லில்தான்!