ஏரி நகரான வரலாறு

சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களுள் தியாகராய நகருக்குச் சென்றிராத குடும்பம் ஒன்றேனும் உண்டென்று யான் கருதவில்லை. மணவினை உறுதியாயின் கூறைப்புடவைக்கும், தாலிப் பொன்னுக்கும், சீர்வரிசைப் பாத்திரங்களுக்கும் அவ்வூர்க் கடைத்தெருக்களையே நாடுகின்றோம். காலையிற் சென்று, கூட்டத்தில் இடியுண்டு, மாலையில் மூட்டைகளோடு மீள்கின்றோம். ஆயினும் அந்நகர் எதன்மேல் எழுந்தது, எவர் பெயர்களைத் தாங்கி நிற்கின்றது என வினவின் விடை கூறுவார் மிகச் சிலரே. ‘தி. நகர்’ என்பதிலுள்ள ‘தி’ யாதென்று வகுப்பில் யான் வினவியபோது, ‘திரு’ என விடை எழுதிய மாணவனும் உளன். பிழை அவனுடையதன்று, அவனுக்குச் சொல்லாத நம்முடையது.

முதற்கண் நிலத்தின் கதையை அறிதல் வேண்டும். மவுண்ட் ரோடு எனப்பட்ட இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை பிறைவடிவில் நீண்டு கிடந்தது ஒரு பெரும் நீர்நிலை. அதன் நீளங்கண்டு ஆங்கிலேயர் அதனை ‘லாங் டாங்க்’ என்றனர். நம்மவர் அதன் பகுதிகளை நுங்கம்பாக்கம் ஏரி, மாம்பலம் ஏரி என ஊர்ப்பெயரிட்டு வழங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் அதன்கண் படகுப் பந்தயங்களும் நடத்தினர். இன்று புடவைக் கடைகள் நெருங்கி நிற்கும் இடங்களிற் பல அக்காலத்தில் படகு செல்லும் நீர்ப்பரப்பாயிருந்தன என்றால் நம் பிள்ளைகள் நம்புவரோ?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரில் மக்கள் தொகை பெருகியது. குடியிருக்க மனையின்றி மக்கள் இடர்ப்பட்டனர். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. அதன்வழி 1923 முதல் 1925 வரையுள்ள ஆண்டுகளில் மாம்பலம் ஏரிப்பகுதியின் நீர் வடிக்கப்பட்டு, தெருக்கள் வகுக்கப்பட்டுப் புதுநகர் உருவாயிற்று. ஏரியின் எஞ்சிய பகுதிகளும் காலப்போக்கில் தூர்ந்தன. 1976இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில் நிற்பதே.

அக்காலத்தில் மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. முதலமைச்சராயிருந்தவர் பனகல் அரசர் இராமராயநிங்கார். ஆதலின் புதுநகரின் தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் அக்கட்சியோடு தொடர்புடைய பெரியோரின் பெயர்களே பெரும்பாலும் இடப்பட்டன. நகரின் பெயருக்குரியவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியார். 1852இல் நெசவுக் குடியில் தோன்றியவர்; சென்னை நகராண்மைக் கழகத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர். 1920இல் ஆயிரம்விளக்குப் பகுதியிலுள்ள நகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகட்கு நண்பகல் உணவு வழங்கும் ஏற்பாடு அவர் தலைமைக் காலத்தில் தொடங்கியது. ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு அவர் செயல்களுள் இதுவே தலையாயதாகத் தோன்றுகின்றது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாதென்பதை நாள்தோறும் காண்கின்றேன். அவ்வாண்டில் முதலமைச்சர் பதவி தம்மை நாடி வந்தபோதும் அவர் அதனை ஏலாது விடுத்தார். 1925இல், தம் பெயர் தாங்கிய நகர் உருவாகி வந்த காலத்திலேயே, மறைந்தார்.

தியாகராயரும் டாக்டர் டி. எம். நாயரும் நகராட்சி மன்றத்தில் ஒருவரோடொருவர் மாறுபட்டு நின்றவர்கள். அவ்விருவரையும் ஒருங்கிணைத்தவர் டாக்டர் சி. நடேச முதலியார். அவ்விணைப்பின் பயனாக 1916இல் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் தோன்றியது. அதுவே பின்னர் அதன் இதழின் பெயரால் நீதிக்கட்சி எனப்பட்டது. இன்று ஒருவர் பெயரால் நகரும், ஒருவர் பெயரால் சாலையும், ஒருவர் பெயரால் பூங்காவும் அருகருகே விளங்குகின்றன. முரண்பட்டோர் இருவரும் அவர்தம்மை இணைத்தவரும் ஒரே ஊரில் அண்டை அயலாராயிருத்தலைக் காண எனக்கு உவகை பெரிது.

ஏனைய பெயர்களையும் நோக்குக. உஸ்மான் சாலைக்குரிய சர் முகமது உஸ்மான் 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராயிருந்தவர். ஹபிபுல்லா சாலைக்குரியவர் பின்னாளில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கினார். பாண்டி பஜார் என்பது டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரின் சிதைவே என்பர்; அதனைப் புதுச்சேரியோடு இணைத்துப் பொருள் கூறுவாரும் உளர். செட்டியார், நாயர், முதலியார், நாடார், முஸ்லிம் எனப் பல குடியினர் பெயர்களும் ஒரே ஊர்ப் படத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. நம் சங்கம் போன்ற சங்கங்கள் தத்தம் குடிப் பெரியாரை மட்டுமே நினைந்து விழா எடுத்தல் வழக்கமாயிற்று. அவ்வாறு எண்ணிப் பழகிய நமக்கு இவ்வூரின் தெருப்பலகைகள் வேறொரு பாடம் கூறுகின்றன என்பதை உறுப்பினர்கள் பொறுமையோடு கேட்பார்களாக.

1970களின் இறுதியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகள் நீக்கப்பட்டன. அந்நோக்கத்தை யான் குறை கூறேன். எனினும் டாக்டர் நாயர் சாலையில் ‘நாயர்’ நீங்க, ‘டாக்டர் சாலை’ என்பதே எஞ்சிற்று எனச் சென்னை வரலாறு எழுதியோர் நகைப்புடன் கூறுவர். பின்னொட்டு நீங்கினால் பெயர் எஞ்ச வேண்டும். பெயரே நீங்கினால் எஞ்சுவது யாது?

இனி, இவ்வூரை நடந்தே அறிய விரும்புவார் மாம்பலம் புகைவண்டி நிலையத்திற் தொடங்குக. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. புதுநகரினின்றும் அலுவலகம் செல்வார்க்கு அது பெருந்துணையாயிற்று. இருப்புப்பாதையின் மேற்கே பழைய மாம்பலம், கிழக்கே புதுநகர். நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 570 மீட்டர் நீளமுடையது. முதியோரும் குழந்தைகளோடு செல்வாரும் ரங்கநாதன் தெரு நெரிசலிற் புகாது அதன்வழிச் செல்லுதல் நன்று. கிழக்கிலிருந்து வருவார்க்கு 2018 முதல் தேனாம்பேட்டை, நந்தனம் மெட்ரோ நிலையங்கள் உதவுகின்றன.

ஊரின் நடுவண் அமைந்தது பனகல் பூங்கா. சாலைகள் பல அங்கு வந்து கூடுகின்றன. நகரமைத்தோர் கடையை நடுவில் வையாது பூங்காவை நடுவில் வைத்தனர். கடைகள் பின்னரே அதனைச் சூழ்ந்தன. மெட்ரோ நிலையப் பணிக்காக அப்பூங்காவின் ஒரு பகுதி எடுக்கப்பட்டது. வேங்கடநாராயணா சாலையில் உள்ள நடேசன் பூங்காவில் காலையும் மாலையும் முதியோர் உலவுவதைக் காணலாம். திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர் வாழ்ந்து 1975இல் மறைந்த இல்லம் நினைவகமாக உள்ளது. 2019இல் பாண்டி பஜாரில் நடைமேடைகள் அகலப்படுத்தப்பட்டமையால், கடைக்குச் சென்ற பெண்டிர் திரும்பும்வரை ஆடவர் அமர்ந்திருக்க இடமும் வாய்த்தது!

ஏரியை அழித்தது பெரும்பிழை என இக்காலத்தார் பலர் கூறுகின்றனர். யான் அங்ஙனம் ஒருதலையாகக் கூறத் துணியேன். வீடின்றித் தவித்தார்க்கு வீடு வேண்டியிருந்தது. முதலில் எழுந்தவையும் தோட்டம் சூழ்ந்த தனி வீடுகளே. பெய்த மழையில் ஒரு பகுதியை அத்தோட்டங்களின் மண் உண்டது. பின்னர் வந்த நாம் தோட்டத்தை அடுக்குமாடியாக்கி, முற்றத்துக்குச் சிமிட்டி பூசி, மண்ணின் வாயை அடைத்தோம். சுற்றிலுமுள்ள மேட்டுநிலத்து நீர் வந்து சேரும் தாழ்நிலமாதலின் அன்றோ அங்கு ஏரி இருந்தது? ஏரியை வடித்தாலும் நிலத்தின் சாய்வு மாறவில்லை. 2015இலும் 2021இலும் தெருக்கள் நீரில் மூழ்கியமைக்கு இஃதும் ஒரு காரணம். இருப்புப்பாதையின் அடியிற் செல்லும் துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதைகளில் பெருமழைக் காலத்தில் நீர் நிற்பதை நம் உறுப்பினர் பலரும் கண்டிருப்பர். அங்கு வீடு வாங்க எண்ணுவார், பத்திரத்தைப் பார்ப்பதோடு அமையாது, அத்தெருவில் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவரிடம் பெருமழையில் நீர் எத்துணை உயரம் நின்றது என்று கேட்டறிக.

நீர் செல்ல எஞ்சிய பெருவழி மாம்பலம் கால்வாய். பலரும் அதனைச் சாக்கடையென்றே எண்ணி மூக்கைப் பொத்திக் கடக்கின்றனர். நுங்கம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து ஊரின் ஊடே தெற்கு நோக்கி ஓடி, நந்தனத்தின் அருகே அடையாற்றிற் கலப்பது அது. மழை ஓய்ந்த மறுநாட் காலையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அதன் பாலம் ஒன்றின்மேல் நின்று, நீர் எத்திசை நோக்கி விரைகின்றது என்று காட்டுக. பழைய ஏரி இருந்த இடத்தை அவர்கள் தாமே கண்டுகொள்வர்.