சுண்ணாம்பும் நீலமும்

நண்பர் ஒருவரின் பூர்வீக வீடு கும்பகோணத்தை அடுத்த கிராமம் ஒன்றில் இருக்கிறது. நாட்டு ஓடு, முற்றம், திண்ணை, கூடத்தில் சிவப்புத் தரை. மகளின் திருமணத்திற்குள் குறைந்த செலவில் அதைப் புதுப்பிக்க எண்ணினார். பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், தரையைப் பெயர்த்து டைல்ஸ் பதிக்கலாம், சுவருக்குப் பட்டி பார்த்து எமல்ஷன் அடிக்கலாம் என்று நின்ற நிலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்று மாலை நாங்கள் நான்கைந்து பேர் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசியது, செலவுக் கணக்கை விட்டு விலகி, நம் சுவர்களுக்கு இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியில் போய் நின்றது.

சுதை நமக்கு மிகப் பழைய சொல். நெடுநல்வாடையில் அரசியின் அறைக்கு வெள்ளிபோல் ஒளிரும் சுதை பூசப்பட்டிருக்கிறது. செம்பினால் செய்தது போன்ற நெடுஞ்சுவரில் பூங்கொடி தீட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அது அரண்மனை. எளியவர்களின் வீடுகள் நெடுங்காலம் மண்ணும் சாணமும் செம்மண்ணுமாகவே இருந்தன என்பதையும் மறந்துவிடலாகாது. பழைமையைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் ஏதோ மாடமாளிகையில் பிறந்தவர்கள்போல் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

சுண்ணாம்பின் வேலை விந்தையானது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீரை ஊற்றினால் கொதித்து நீறுகிறது. சுவரில் பூசியபின், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அப்படி இறுகிய பின்னும் அதில் நுண்துளைகள் உண்டு. தரையிலிருந்து ஏறும் ஈரம் அவற்றின் வழியே வெளியேறிவிடும். அதன் காரத்தன்மை கிருமிகளுக்கு ஆகாது. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியபோது அதிகாரிகள் வீடுவீடாகச் சுண்ணாம்பு அடிக்கச் செய்தது இதனால்தான். நமக்குப் போகிக்கு முந்தைய வேலையாக இருந்தது அங்கே அரசாங்கத்தின் கட்டளையாயிற்று.

வெள்ளை மட்டும் போதாதென்று வாளியில் ஒரு சிட்டிகை நீலம் கலப்பார்கள். அந்தச் சிட்டிகைக்கு ஒரு வரலாறு உண்டு. அல்ட்ராமரின் எனப்படும் அந்த நீலம் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்தின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த கல்லை அரைத்துச் செய்யப்பட்டது. ஐரோப்பிய ஓவியர்கள் அதைப் பொன்னைப்போல் எண்ணிச் செலவழித்தார்கள். மலிவாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று பிரான்சில் ஒரு சங்கம் 1824இல் அறிவித்தது. 1828இல் ழான் பாப்டிஸ்ட் கீமே அதைப் பெற்றார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கிறிஸ்டியான் கிமெலினும் தம் செய்முறையை வெளியிட்டார். ஓவியர்களின் கல் இப்படித்தான் சலவைக்காரரின் பொட்டலமாகி, நம் சுண்ணாம்பு வாளிக்கும் வந்து சேர்ந்தது. இதற்கு நூறாண்டுக்கும் மேல் மூத்த பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பின் காரத்தில் சிதைந்துவிடும். அல்ட்ராமரின் அதைத் தாங்கி நிற்கும். ஆகவே நம் சுவர்களின் வெளிர்நீலம் யாரோ ரசனையோடு தேர்ந்தது மட்டுமன்று, சுண்ணாம்பு அனுமதித்தது.

பிறகு டிஸ்டெம்பர் வந்தது. சாக்குப் பொடியையும் பசையையும் நிறப்பொடியையும் குழைத்த எளிய பூச்சு. பம்பாயில் 1942இல் நான்கு நண்பர்கள் தொடங்கிய ஏசியன் பெயின்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் அதை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுவந்தன. அந்நிறுவனத்திற்காக ஆர். கே. லக்ஷ்மண் 1954இல் வரைந்த, கையில் தூரிகை ஏந்திய கட்டு என்னும் குறும்புப் பையனை நம்மில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ரோஜா நிறக் கூடமும் பச்சை அறையும் அந்தக் காலத்தின் கொடை. இன்று அவற்றைப் பார்த்து முகம் சுளிப்பது எளிது. வெள்ளையையும் காவியையும் தவிர வேறு நிறம் தன் வீட்டுச் சுவருக்கு எட்டும் என்று ஒரு எழுத்தர் முதன்முதலாக அறிந்தபோது அடைந்த மகிழ்ச்சியை நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை.

நண்பரின் வீட்டிற்குத் திரும்புவோம். கொல்லைப்புற அறை ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எமல்ஷன் அடித்திருந்தார்கள். இரண்டு மழைக்காலங்களில் அது கொப்பளித்து, தட்டினால் அப்பளம்போல் உதிர்ந்தது; அடியில் உப்புப் பூத்திருந்தது. மூச்சுவிடும் சுவரின் வாயைப் பிளாஸ்டிக் படலத்தால் அடைத்தால் ஈரம் வேறு வழி தேடத்தானே செய்யும்? பட்டி பார்ப்பது இதைச் சில மாதங்கள் மறைக்கும், அவ்வளவே. அந்த அறையைப் பார்த்த பிறகுதான் நண்பர் எங்கள் பேச்சுக்குக் காதுகொடுத்தார்.

தரை விஷயத்தில் வாதம் நீளவில்லை. சிமென்டில் இரும்பு ஆக்சைடைக் கலந்து கரணையால் இழைத்து இழைத்து ஏற்றிய அந்தப் பளபளப்பை இன்று செய்யச் சொன்னால் தேர்ந்த கைகள் கிடைப்பது அரிது. விரிசல்களை அதே கலவையால் அடைத்து, கழுவி உலர்த்தி, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்த இடத்தில் பழைய சிவப்பு எழுந்து வந்தது.

சுவர்தான் சிக்கல். சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் பட்டுப்புடவையில் ஒட்டும்; சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று நண்பரின் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. மேலும், சுண்ணாம்பு மலிவு என்றாலும் ஓரிரு ஆண்டுகளுக்கொருமுறை அடிக்கும் கூலியைச் சேர்த்தால் அந்த மலிவு அத்தனை மலிவன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் வஜ்ஜிரம் காய்ச்சிக் கலந்தால் ஒட்டாது என்று உறுதி கூறினார். உதிர்ந்த எமல்ஷனைச் சுரண்டியெடுத்துக் கொல்லை அறையில் முதலில் அடித்துப் பார்ப்பது, கறுப்பு வேட்டி கட்டிய ஒருவரைச் சாயவைத்துச் சோதிப்பது என்று முடிவாயிற்று. நீலம் எத்தனை சிட்டிகை என்பதில்தான் தகராறு; மணப்பெண் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்கிறாள்.