மூளை நாளக் குருதியுறைவும் கல்முனைக் கரையோரமும்

பக்கவாதம் என்றவுடன் மூளைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடிகள் அடைபடுவதையே பலரும் எண்ணுவர். மூளையிலிருந்து குருதி வெளியேறும் வழி அடைபடுவதால் வரும் நோயொன்றும் உண்டு. மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த சவ்வின் மடிப்புகளுக்கிடையே அகன்ற நாளக்குடாக்கள் ஓடுகின்றன. மூளையின் பயன்பட்ட குருதியும் மூளையைச் சூழ்ந்துள்ள நீரும் அவற்றின் வழியாகவே இறங்கிச் செல்கின்றன. அங்கே குருதி உறைந்துவிடின் வடிகால் அடைத்த வயலைப்போல மூளையில் அழுக்கம் ஏறும். நாட்கணக்கில் தீராத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என்பன தொடரும். சிலவேளை மூளையினுள் குருதிக் கசிவும் ஏற்படும். முதற்குறி வெறுந் தலைவலியாக இருப்பதால் இந்நோய் நெடுங்காலம் வைத்தியர் கண்ணுக்கும் தப்பியே நின்றது.

இதனை முதன்முதலில் விளங்க எழுதியவர் பிரான்சிய வைத்தியரான ரீப் என்பவராவார். தலைவலியும் வலிப்பும் சித்தப்பிரமையும் கொண்டிருந்த 45 வயது மனிதரொருவரின் உடலைப் பரிசோதித்து, உச்சந்தலையின் கீழோடும் நாளக்குடாவில் குருதி உறைந்திருந்ததை 1825 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக இந்நோய் பிரேத பரிசோதனை மேசையிலேயே பெரிதும் அறியப்பட்டது. காதிலும் முகத்திலும் தோன்றிய சீழ்க்கட்டுகள் உட்பரவுவதே முக்கிய காரணமெனக் கருதப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தபின் அவ்வகை அருகியது. பிள்ளைப்பேற்றை அடுத்த வாரங்களில் தாய்மாருக்கு வரும் வகை இந்திய உபகண்டத்தில் தொடர்ந்து காணப்பட்டது. 1970களில் கணினிப் படமும் பின்னர் காந்தப்புலப் படமும் வந்த பிறகே உயிரோடிருக்கும் நோயாளியிடத்து இதனை எளிதாகக் காண முடிந்தது. சிகிச்சையிலும் ஒரு விந்தை உண்டு. மூளையில் கசிவு இருக்கும்போதே குருதி உறைவதைத் தடுக்கும் கெப்பரின் என்னும் மருந்தைக் கொடுப்பது நன்மை தருமென 1991 இல் ஜெர்மனியில் வெறும் 20 நோயாளரைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. வைத்தியர் பலர் அதுவரை அஞ்சி ஒதுக்கிய வழி அது.

2020 இல் பரவிய கொரோனா வைரசு இந்த வரலாற்றிற் புதியதோர் அதிகாரத்தைத் தொடக்கியது. அவ்வைரசு நுரையீரலோடு நிற்பதில்லை; குருதிக்கலன்களின் உட்சுவரை அழற்சியுறச் செய்து, குருதி உறையும் இயல்பையும் மிகுவிக்கின்றது. கொவிட் கண்டோரில் பத்து இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 40 பேர் இரு வாரங்களுக்குள் மூளை நாள உறைவுக்கு ஆளாயினர் என ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2021 ஏப்ரலில் மதிப்பிட்டனர். அரிதேயாயினும் காலந்தாழ்த்தாது வைத்தியசாலையை அடைந்தாலன்றி உயிரையோ பார்வையையோ பறிக்கவல்லது இந்நோய்.

வைத்தியசாலையை அடைவது என்பதே அக்காலத்தில் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் எளிய காரியமாக இருக்கவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நெருங்கிக் கிடக்கும் இவ்வூர்களுக்கு வைத்தியசாலைகள் இல்லாமலில்லை. கல்முனையில் மட்டும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. தடையாக நின்றது மரணத்தின் பின் நிகழவிருந்தது. கொவிட் தொற்றி இறப்போரை எரிக்கவே வேண்டுமென 2020 ஏப்ரல் 11 இல் வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. புதைத்தால் நிலத்தடி நீர் வழியே வைரசு பரவும் என்பது நிபுணர் குழுவொன்று கூறிய காரணம். சில அடி தோண்டினாலே நீர் ஊறும் இக்கரையோர மணலிலேதான் தலைமுறை தலைமுறையாக மையவாடிகள் இருந்துவந்தன. 2004 டிசம்பர் 26 இன் கடல்கோளில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை; அந்நாட்களில் ஜனாஸாக்களை ஏற்றதும் இம்மணலே. நீர் வழியே நோய் பரவும் என்ற வாதத்தை இம்மக்கள் எவ்வாறு கேட்டிருப்பர் என்பதை ஊகித்தல் கடினமன்று.

2020 நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையை ஒட்டித் தொற்றுப் பரவி அப்பகுதி தனிமைப்படுத்தப்பட்டது. டிசம்பரில் கொழும்பில் 20 நாட் சிசுவொன்று எரிக்கப்பட்ட செய்தி வீடுதோறும் துயரத்தை விதைத்தது. எரிப்புக்கு அஞ்சி நோயை மறைத்தோரும் வைத்தியசாலை செல்லத் தயங்கியோரும் இருந்தனர். தீராத தலைவலியோடு வீட்டிலிருப்பதே ஆபத்தான ஒரு நோயைப் பொறுத்தவரை இத்தயக்கத்தின் விலை பெரிது. புதைப்பதால் வைரசு பரவும் என்பதற்கு ஆதாரமில்லையென இலங்கை மருத்துவச் சங்கம் 2021 ஜனவரியில் அறிவித்தது. பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி நோக்கிப் புறப்பட்ட பேரணி ஜனாஸாக் கோரிக்கையையும் சுமந்து இவ்வூர்களைக் கடந்தது. பாகிஸ்தான் பிரதமர் வந்து திரும்பிய மறுநாளே, பெப்ரவரி 25 இல், அடக்கத்துக்கு அனுமதி வெளிவந்தமையால் விஞ்ஞானம் தெளிந்ததனாலேயே ஆணை மாறிற்று எனக் கொள்வதற்கில்லை. அப்போதும் சொந்த ஊர் மையவாடி கிடைக்கவில்லை; மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியே அடக்கத்தலமாயிற்று.

இவ்வாறு நம்பிக்கை சிதைந்திருந்த வேளையிலேயே மூளை நாள உறைவு என்னும் சொல் நாட்டின் செய்திகளில் அடிபடலாயிற்று. இந்தியா நன்கொடையாக அனுப்பிய கொவிஷீல்ட் தடுப்பூசி 2021 ஜனவரி 29 முதல் இடப்பட்டுவந்தது. அதனைப் பெற்ற ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோருள் அறுவருக்குக் குருதி உறைவு கண்டதாகவும் அவர்களுள் மூவர் இறந்ததாகவும் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி ஏப்ரலில் பாராளுமன்றத்தில் தெரிவித்தார். இவ்வறிவிப்பு மறைக்கப்படாது வெளியிடப்பட்டமை பாராட்டத்தக்கதே. எனினும் எரிப்புக்குக் காரணம் சொன்ன அதே அரசின் வாயிலிருந்தே இதுவும் வந்தது. ஆதாரமற்ற கூற்றை முன்னரே கேட்டிருந்தோர் ஆதாரமுள்ள கூற்றையும் ஐயுற்றிருப்பராயின் அதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. பின்னாளில் இலங்கையரிற் பெரும்பாலோர்க்கு இடப்பட்ட சினோபார்ம், செயலிழக்கச் செய்த வைரசால் ஆனது. இவ்வுறைவோடு தொடர்புபடுத்தப்பட்ட வகையைச் சார்ந்ததன்று.

இவ்வரிய உறைவின் காரணத்தை ஜெர்மனி, நோர்வே ஆய்வாளர் அதே ஏப்ரலில் விளக்கினர். தடுப்பூசிக்கு ஊர்தியாகப் பயன்பட்டது அடினோ வைரசு. அதனைப் பெற்றோருள் மிகச் சிலரது உடல், தன் குருதிச் சிறுதட்டுகள் சுரக்கும் புரதமொன்றுக்கே எதிராகப் பிறபொருளெதிரியை உண்டாக்குகின்றது. சிறுதட்டுகள் தூண்டப்பட்டு ஒட்டிக்கொள்ளவே, குருதியில் அவற்றின் எண்ணிக்கை குறைந்தும் நாளங்களில் உறைவு கூடியும் காணப்படும். வழக்கமான கெப்பரினைத் தவிர்த்து வேறு மருந்துகளை நாட அறிவுறுத்தப்பட்டமையும் இதனாலேயே.

2023 இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட செய்தி இதனை மேலும் தெளிவாக்கிற்று. இயற்கையாகவே அடினோ வைரசு தொற்றிய ஐந்து வயதுக் குழந்தையொன்றுக்கு மூளை நாளங்களில் குருதி உறைந்திருந்தது. தடுப்பூசியோடு தொடர்பற்ற அக்குழந்தையின் குருதியிலும் அதே வகைப் பிறபொருளெதிரி காணப்பட்டது. சளிக்காய்ச்சலைத் தரும் சாதாரண வைரசுகளுள் ஒன்று அடினோ வைரசு.